கையெழுத்துப் போட ஆளில்லாமல்

யாருக்கும் ஜாமீன் நிற்காதே. மலாக்காவின் பத்து பெரண்டாம் வட்டாரத்தில் எந்தத் தமிழ் வீட்டில் கேட்டாலும், அப்பாவோ தாத்தாவோ சொல்லிவைத்துப் போன புத்திமதிகளில் இது ஒன்றாக இருக்கும். பிள்ளை முதல் சம்பளம் வாங்கி வந்ததும் சாமிக்கு ஒரு பங்கு எடுத்துவைக்கச் சொல்வோம். அடுத்த பேச்சு இதுதான். எவன் வந்து கேட்டாலும் கையெழுத்துப் போடாதே, போட்டுவிட்டு வந்து எங்களிடம் அழாதே.

இந்தப் புத்திமதி சும்மா வந்ததில்லை. தோட்டங்களை விட்டு வெளியேறித் தாமான்களிலும் பிளாட்டுகளிலும் குடியேறிய காலத்தில், மோட்டார் வாங்கவும் வீடு வாங்கவும் கடன் எடுப்பதற்கு இன்னொருவர் கையெழுத்து வேண்டியிருந்தது. மச்சானுக்குப் போட்டோம், கூட வேலை செய்தவருக்குப் போட்டோம், பெரியப்பா மகனுக்குப் போட்டோம். கடன் வாங்கியவர் கட்டாமல் போனார், வங்கிக் கடிதம் நம் வீட்டுக்கு வந்தது. தான் வாங்காத கடனுக்குத் திவாலாகி, பாஸ்போர்ட் எடுக்க முடியாமல் உட்கார்ந்தவர்கள் நம் சொந்தத்திலேயே உண்டு. அந்தக் கொடுமையைப் பார்த்துத்தான் 2017-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். லாபம் எதுவும் எதிர்பாராமல் உறவுக்காகக் கையெழுத்துப் போட்டவரைத் திவாலாக்க முடியாது என்று ஆயிற்று. சட்டம் மாறிவிட்டது, நம் பயம் மாறவில்லை. அது வங்கியைத் தாண்டி நடந்து, ஆயர் குரோ நீதிமன்ற வளாகத்தின் வாசல்வரை வந்துவிட்டது.

கடனுக்கு நிற்பதும், நீதிமன்றத்தில் ஒரு பையனுக்காக நிற்பதும் வேறு வேறு காரியங்கள். நீதிமன்றம் கேட்கும் ஜாமீன் பணம் அபராதம் இல்லை. வழக்கு முடியும்வரை அது பிடித்துவைக்கப்பட்டிருக்கும். சொன்ன தேதிகளில் பையன் வந்து நின்றால், வழக்கு முடிந்ததும் கட்டியவரிடமே திரும்பிவிடும். குற்றவாளி என்று தீர்ப்பானாலும்கூடத் திரும்பிவிடும். அவன் ஓடிப்போனால்தான் பணத்துக்கு ஆபத்து. இந்த வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாத ரகசியம் ஒன்றும் இல்லை. நீதிமன்ற முகப்பில் இருக்கிற எழுத்தரைக் கேட்டாலே சொல்லிவிடுவார். நாம் கேட்டதில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டால், முடியாது என்று சொல்ல இருக்கிற ஒரே சாக்கும் போய்விடுமே என்ற எண்ணம் அடிமனதில் இருந்திருக்கிறது.

ஒரு பையனைப் பிடித்தால் என்ன நடக்கிறது என்பதையும் நம்மில் பலர் சரியாகத் தெரிந்துவைத்திருக்கவில்லை. பிடித்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டுவர வேண்டும் என்பது கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆவது விதி. விசாரணை முடியவில்லை என்று போலீஸ் சொன்னால் ரிமாண்ட். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117-ஆவது பிரிவில் அதற்கும் கணக்கு இருக்கிறது. 14 ஆண்டுக்குக் குறைவான சிறைத்தண்டனை உள்ள குற்றமானால் முதல் தடவை 4 நாள், இரண்டாவது தடவை 3 நாள். 14 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றமானால் 7 நாள், மறுபடியும் 7 நாள். பிறகு குற்றம் சாட்டுவார்கள். பையன் மறுத்து, வழக்கை நடத்துகிறேன் என்று சொன்னால் ஜாமீன் தொகை அறிவிக்கப்படும். மறுநாள் பத்திரிகையில் நாம் படிப்போம்: ஒரு நபர் உத்தரவாதத்துடன் மூவாயிரம் வெள்ளி ஜாமீன். நமக்குச் செய்தி அங்கே முடிந்துவிடும். அந்த வீட்டுக்கு அங்கேதான் தொடங்கும்.

அப்படி ஒரு தாயை ஆயர் குரோ நீதிமன்றத்து நடைவழியில் பார்த்திருக்கிறேன். மடியில் பிளாஸ்டிக் பை. அதற்குள் மகனுக்கு ஒரு மாற்றுச் சட்டை, ஒரு ஜோடி ரப்பர் சிலிப்பர், காலையில் வாங்கி இன்னும் பிரிக்காத நாசி லெமாக் பொட்டலம். பணம் அவரிடம் இருந்தது. சங்கிலியை அடகு வைத்துக் கொஞ்சம், கூட்டுப் பணத்தை முன்கூட்டி வாங்கிக் கொஞ்சம் என்று எப்படியோ புரட்டிவிட்டார். அவருடைய அடையாள அட்டைதான் சிவப்பு, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குக் கொடுப்பது. தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் எடுக்காமல் வளர்ந்த எத்தனையோ பெண்களில் அவரும் ஒருவர். குடியுரிமை உள்ள ஒருவர் வந்துதான் ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்று உள்ளே சொல்லிவிட்டார்கள். விரிசல் விழுந்த கைப்பேசியில் ஒவ்வோர் எண்ணாக அழைத்துக்கொண்டிருந்தார். "அண்ணே, பணம் வேணாம்ணே, பணம் நான் வச்சிருக்கேன். ஐசி எடுத்துக்கிட்டு வந்து ஒரு கையெழுத்து மட்டும் போட்டீங்கன்னா போதும்ணே."

மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்பது எங்கள் காதில் விழவில்லை. ஊகிக்கக் கஷ்டமும் இல்லை. இன்றைக்கு எனக்கு மதியச் சிப்ட். வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டாள். நாளைக்குப் பார்ப்போம். இவை நாம் அவரவர் வாயால் எப்போதோ சொன்ன பதில்கள். அன்றைக்கு அந்த நடைவழியில் நாங்கள் ஏழெட்டுத் தமிழர்கள் உட்கார்ந்திருந்தோம். சாலைச் சம்மன் கட்ட வந்தவர்கள், வேறு வழக்குக்குச் சாட்சியாக வந்தவர்கள். எல்லார் சட்டைப் பையிலும் நீல ஐசி இருந்தது. அந்த அம்மாவின் குரல் எல்லாருக்கும் கேட்டது. எல்லாரும் அவரவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கையெழுத்துக்கு ஆள் கிடைக்காத பையன் சுங்கை ஊடாங் சிறைக்குப் போகிறான். அவன் குற்றவாளி என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. அடுத்த தேதி ஒரு மாதம் தள்ளிப் போகும், அதற்கடுத்ததும் தள்ளிப் போகலாம். பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில் ஏஜெண்டு மூலம் வேலை செய்கிற பையன் மூன்று நாள் சொல்லாமல் வராவிட்டால் அவன் இடத்தில் இன்னொருவனைப் போட்டுவிடுவார்கள். மோட்டாருக்கு இரண்டு தவணை தவறினால் வந்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வாடகை நின்றால் தங்கைக்குப் பள்ளிக்கூட வேன் நிற்கும். வழக்கில் அவன் விடுதலையானாலும் இதில் எதுவும் திரும்பி வருவதில்லை.

இந்த இடத்தில்தான் நாம் செய்கிற இன்னொரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். பையன் உள்ளே கிடந்து தவிக்கும்போது, விவரம் தெரிந்தவர்கள் என்று பெயரெடுத்த நம்மைப் போன்றவர்களிடம் குடும்பத்தார் யோசனை கேட்டு வருவார்கள். நாம் என்ன சொல்கிறோம்? "ஒத்துக்கச் சொல்லும்மா. ஒத்துக்கிட்டா அபராதத்தோட போயிடும், இல்லாட்டி நாலஞ்சு மாசத்துல வந்துருவான். கேஸ் நடத்தினா ஒரு வருஷம் இழுக்கும்." வெளியில் நின்று வழக்காடுகிறவன் கேட்கத் தேவையில்லாத யோசனை இது. உள்ளே இருப்பவனுக்கு அதுவே கருணை மாதிரித் தெரிகிறது. செய்ததை ஒத்துக்கொள்வது ஒன்று. ஜாமீனுக்கு ஆளில்லாத காரணத்தால் செய்யாததையும் ஒத்துக்கொள்வது இன்னொன்று. இந்த இரண்டும் நம் யோசனையில் ஒன்றாகக் கலந்துவிட்டன. பிறகு அந்தப் பதிவு அவன் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. பாதுகாவலர் வேலைக்குப் போனாலும் கேட்கிறார்கள், லாரி ஓட்டப் போனாலும் கேட்கிறார்கள். ஐந்து வருடம் கழித்து அவன் தெருமுனையில் நிற்கும்போது, இவனுக்கு வேலைக்குப் போகத் துப்பில்லை என்று பேசுவதும் நாம்தான்.

தோட்டத்தில் இருந்தபோது இப்படி இல்லை என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்வது சுலபம். முழுக்க உண்மையும் இல்லை. அங்கும் சண்டை இருந்தது, சம்சு குடித்துவிட்டு வெட்டிக்கொண்டதும் இருந்தது, தோட்டத்துரை கைவிட்டால் நாதியற்றுப் போன குடும்பங்களும் இருந்தன. ஆனால் ஒருவனைப் போலீஸ் கூட்டிப்போனால், அன்று இரவே மண்டோரோ சங்கத் தலைவரோ கோயில் தலைவரோ சைக்கிளை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போய்விடுவார். போய் என்ன சாதித்தார் என்பது வேறு. உள்ளே இருப்பவனுக்கு ஆள் இருக்கிறது என்று நிலையத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்தது. மலாக்காவின் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் 1967-இல் நியாயம் கேட்டுக் கோலாலம்பூர்வரை கால்நடையாகவே போனவர்கள். அவர்களுக்குப் பேரன் பேத்திகளான நமக்கு, பத்து பெரண்டாமிலிருந்து ஆயர் குரோவுக்குக் காரில் போவது தூரமாகப் படுகிறது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடுகள் வந்தன. வீடுகளுக்கு முன் இரும்புக் கதவு வந்தது. முன்னேறியதில் தவறில்லை. பிள்ளைகளைப் படிக்கவைத்தோம், அது பெரிய காரியம். ஆனால் படித்தவன் வீடு, படிக்காதவன் வீடு என்று இரண்டாகப் பிரிந்தபோது, மற்ற வீட்டிலிருந்து போலீஸ் வண்டி புறப்படுவதைச் சன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு விளக்கை அணைத்தோம். நம் பையன் அவனோடு சேராமல் இருந்தால் போதும் என்று இருந்துவிட்டோம்.

பிறகு 2019 அக்டோபர் வந்தது. விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்ற பெயரில் 12 பேரைப் பிடித்தார்கள். காடேக் சட்டமன்ற உறுப்பினரும் அப்போதைய மலாக்கா ஆட்சிக்குழு உறுப்பினருமான ஜி.சாமிநாதன், நெகிரி செம்பிலானின் சிரம்பான் ஜெயா சட்டமன்ற உறுப்பினர் பி.குணசேகரன் ஆகியோர் அதில் இருந்தனர். ஆசிரியர் இருந்தார், டாக்சி ஓட்டுநர் இருந்தார். பிடித்தது சொஸ்மா எனப்படும் 2012-ஆம் ஆண்டுப் பாதுகாப்புக் குற்றச் சட்டத்தின் கீழ். அதில் குற்றம் சாட்டுவதற்கு முன்பே 28 நாள் வைத்திருக்கலாம். குற்றம் சாட்டிய பிறகு, 13-ஆவது பிரிவின்படி ஜாமீன் இல்லை. தொகை எவ்வளவு, கையெழுத்துக்கு யார் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த ஆண்டுத் தீபாவளி அக்டோபர் 27. பன்னிரண்டு வீடுகளில் அன்று யார் எண்ணெய் தேய்த்துக் குளித்திருப்பார்கள் என்று தெரியாது.

மலாக்காவில் நாம் அந்த வாரம் என்ன செய்தோம் என்பதை நாமே ஒருவருக்கொருவர் இதுவரை சொல்லிக்கொண்டதில்லை. புலனக் குழுக்களிலிருந்து இரவோடு இரவாக வெளியேறினோம். பழைய நிகழ்ச்சிப் படங்களை அழித்தோம். கல்யாண வீட்டில் அவர்களோடு நின்று எடுத்த படத்தைக்கூட அழித்தவர்கள் உண்டு. அவர்கள் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று யோசித்து, வேண்டாம், யாராவது பார்ப்பார்கள் என்று இருந்துவிட்டோம். பயம் இயல்புதான். சொஸ்மா என்றால் யாருக்கும் நடுங்கும். ஆனால் பயந்தோம் என்று கூடச் சொல்லாமல், அவர்கள் ஏதோ செய்திருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டோம். அப்படிச் சொல்லிக்கொண்டால் பயம் கொஞ்சம் குறைகிறது.

அந்த ஆண்டு நவம்பர் 29-ஆம் தேதி, சாமிநாதன் தொடுத்த மனுவில், 13-ஆவது பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்ற நீதிபதி முகமட் நஸ்லான் தீர்ப்பளித்தார். ஒருவரை ஜாமீனில் விடலாமா கூடாதா என்று பார்ப்பது நீதிபதியின் வேலை, அந்த அதிகாரத்தைச் சட்டம் எழுதுகிறவர்கள் நீதிமன்றத்தின் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ள முடியாது என்பது அதன் சாரம். அதன் பிறகும் அவர்கள் வீடு வந்து சேரப் பிப்ரவரி ஆனது. 2020 பிப்ரவரி 21 அன்று சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ், 12 பேர் மீதான வழக்குகளையும் கைவிடுவதாக அறிவித்தார். நாலு மாதத்துக்கு மேல் உள்ளே. எந்த நீதிமன்றமும் அவர்களைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. நாம் மாலை போட்டோம், கைதட்டினோம். அடுத்த மாதம் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, மறந்தோம்.

சொஸ்மாவில் மாட்டிய முதல் தமிழர்கள் அவர்கள் இல்லை, கடைசித் தமிழர்களும் இல்லை. அவர்களுக்கு முன்பும் பின்பும் அதே சட்டத்தில், குண்டர் கும்பலில் இருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, ஜாமீன் இல்லாமல் வழக்கு முடியும்வரை உள்ளே கிடந்த நம் இளைஞர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய மனைவிமாரும் அம்மாக்களும் சுங்கை பூலோ சிறைக்கு வெளியே கைக்குழந்தையோடு உட்கார்ந்து போராடியிருக்கிறார்கள். சட்டமன்ற உறுப்பினருக்காகப் பதறிய நாம், அந்தப் பெண்களின் படத்தைப் பத்திரிகையில் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினோம். குண்டர் என்ற சொல் அச்சில் வந்ததும், வழக்கு நடக்கும் முன்பே நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அவர்களில் குற்றம் செய்தவர்களும் இருப்பார்கள். செய்தவர் யார், செய்யாதவர் யார் என்று பிரித்துச் சொல்லத்தான் வழக்கு. அதுவரை காத்திருக்க நமக்குப் பொறுமை இருந்ததில்லை.

கூடி நின்ற நாள் நமக்கு இல்லாமல் போகவில்லை. 2007 டிசம்பரில், இந்தியர் உரிமைக்கான ஹிண்ட்ராப் பேரணியை ஒட்டிய பத்துமலைச் சம்பவத்துக்காக 31 பேர் மீது கொலை முயற்சிக் குற்றம் சாட்டி, ஜாமீனும் மறுத்தார்கள். அப்போது நாடு முழுக்கத் தமிழர்கள் கொதித்தார்கள். கோயில்களில் பிரார்த்தனை செய்தார்கள், வழக்கறிஞர்கள் காசு வாங்காமல் நின்றார்கள். சில நாட்களிலேயே அந்தக் கொலை முயற்சிக் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. ஆக, நமக்கு நிற்கத் தெரியும். முப்பத்தொரு பேராக, செய்தியாக வந்தால் நிற்கிறோம். ஒரே ஒரு பையனாக, செவ்வாய்க்கிழமை காலையில் வந்தால் நமக்கு வேலை இருக்கிறது.

பணத்தை வைத்து ஜாமீன் கொடுக்கும் முறையே சரியா என்ற கேள்வி உலகத்தில் பல இடங்களில் எழுந்திருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2023 செப்டம்பர் 18 முதல் ரொக்க ஜாமீனை அடியோடு எடுத்துவிட்டது. இவனை வெளியில் விட்டால் யாருக்காவது ஆபத்தா, ஓடிவிடுவானா என்று மட்டும் நீதிபதி பார்க்கிறார். கையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதில்லை. இந்தியாவில் 1978-இலேயே மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்ட கீழ் நீதிமன்றம், அவருடைய சகோதரரின் உத்தரவாதத்தையும், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லித் தள்ளிவிட்டது. நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அதைத் திருத்தி, ஆயிரம் ரூபாய்க்கு அவருடைய சொந்தப் பிணையிலேயே விடச் சொன்னார். பணக்காரன் கட்டிவிட்டு அன்று மாலையே வீட்டுக்குப் போகிறான், ஏழை அதே குற்றச்சாட்டுக்கு உள்ளே கிடக்கிறான் என்ற அநியாயத்தை அந்தத் தீர்ப்பு முகத்துக்கு நேரே பேசியது.

நம் நாட்டிலும் ஒரு நாள் அந்த மாற்றம் வர வேண்டும் என்று விரும்புகிறேன். அதற்காகக் குரல் கொடுக்க வேண்டும், மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் சட்டம் மாறட்டும், பிறகு பார்ப்போம் என்று உட்கார்ந்திருப்பதும் ஒரு வகைச் சோம்பல்தான். இப்போதிருக்கும் சட்டத்திலேயே நமக்குக் கொடுத்த இடத்தை நாம் நிரப்பவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 389-ஆவது பிரிவு, ஜாமீன் தொகை வழக்கின் சூழ்நிலையைப் பார்த்து நிர்ணயிக்கப்பட வேண்டும், மிதமிஞ்சிப் போகக்கூடாது என்கிறது. அதிகமாக இருந்தால் உயர் நீதிமன்றத்தில் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். சூழ்நிலையை மாஜிஸ்திரேட்டுக்கு யார் எடுத்துச் சொல்வது? இவன் இந்த முகவரியில்தான் பத்து வருடமாக இருக்கிறான், அம்மாவுக்கு டயாலிசிஸ், இவன்தான் வாரம் மூன்று தடவை கூட்டிப்போகிறான், முதலாளி திரும்ப எடுத்துக்கொள்ளத் தயார் என்று சொல்ல ஒருவர் வேண்டும். முதலாளி கொடுத்த ஒரு கடிதம் போதும். அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிக் கொண்டுவர ஓர் ஆள் வேண்டும். குற்றக்கூண்டில் நிற்கும் பையனுக்குப் பின்னால் இருக்கும் பெஞ்சில், நம் சார்பில் பல நாள் யாரும் இருப்பதில்லை.

தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012 ஏப்ரலில் பணியைத் தொடங்கியது. கைதான கட்டத்திலும், ரிமாண்டுக்குக் கொண்டுவரும்போதும், ஜாமீன் கேட்கும்போதும் வசதியில்லாத குடிமக்களுக்கு அதன் வழக்கறிஞர்கள் வந்து நிற்பார்கள். நீதிமன்றத்தில் கேட்டால் உண்டு என்பார்கள். நம் பிளாட்டில் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்? கோயில் அறிவிப்புப் பலகையில் உபயகாரர் பட்டியல் இருக்கிறது, மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குப் போகும் ஏற்பாடு இருக்கிறது, பரதநாட்டிய வகுப்பு நேரம் இருக்கிறது. வழக்கறிஞரைக் கூப்பிட வேண்டிய எண்ணை அந்தப் பலகையில் ஒட்டலாம் என்று ஒரு கூட்டத்திலாவது பேசியிருப்போமா? குடும்பத்தாருக்குத் தகவல் சொல்லவும் வழக்கறிஞரைப் பார்க்கவும் கைதானவருக்கு உரிமை உண்டு என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு சொல்கிறது. நம் பிள்ளைகளுக்கு ஒன்பதாம் வாய்ப்பாடு தெரிந்த அளவுக்கு அது தெரியாது. நாம் சொல்லிக்கொடுக்கவில்லை.

பறிகொடுத்தவர்களை மறந்துவிட்டுப் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். மோட்டாரில் வந்து சங்கிலியை அறுத்ததில் விழுந்து இடுப்பு உடைந்த பாட்டியும் நம் பாட்டிதான். அவருக்கு நியாயம் கிடைக்க வேண்டும், சீக்கிரம் கிடைக்க வேண்டும். ஆபத்தானவனை வெளியில் விடாமல் இருக்க நீதிபதிக்கு அதிகாரம் இருக்கவும் வேண்டும். ஆனால் இன்று பல நேரம் உள்ளே இருப்பவனையும் வெளியே இருப்பவனையும் பிரிப்பது ஆபத்து இல்லை. பின்னால் பணமும் ஆளும் இருக்கிற கும்பல்காரன் அன்றைக்கே வெளியில் வந்துவிடுகிறான். கூட நின்று மாட்டிக்கொண்ட பதினெட்டு வயதுப் பையன் உள்ளே இருக்கிறான். அங்கே அவனுக்குப் பேச்சுத் துணை யார் என்பதை யோசித்துப் பாருங்கள். நாம் கையெழுத்துப் போட மறுத்த பையனுக்கு, கும்பல் கையெழுத்துப் போட ஆள் அனுப்பிவிடும். அந்த நன்றியைத் தீர்க்க அவன் எத்தனை வருடம் உழைக்க வேண்டியிருக்கும்.

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 2007-இல் ஒரு நிதி தொடங்கினார்கள். ஊரார் சேர்த்த பணத்தில், முன்பின் தெரியாத ஏழைகளுக்கு ஜாமீன் கட்டினார்கள். தன் பணம் ஒரு காசுகூட இல்லாவிட்டாலும், வெளியில் வந்தவர்களில் பெரும்பாலோர் ஒவ்வொரு தேதிக்கும் நீதிமன்றம் வந்தார்கள். பணம் திரும்பி வந்தது, அடுத்தவருக்குப் போனது. அவர்கள் பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. தேதிக்கு முன்னால் தொலைபேசியில் நினைவூட்டினார்கள், போக்குவரத்துக்கு வழி செய்தார்கள். நம் பையன்கள் தேதியைத் தவறவிடுவதும் பெரும்பாலும் ஓடிப்போகும் எண்ணத்தால் இல்லை. இரவுச் சிப்ட் முடித்துத் தூங்கிவிடுகிறான், மோட்டாருக்கு ரோட் டாக்ஸ் இல்லாமல் போலீஸைக் கண்டு பயந்து திரும்பிவிடுகிறான், மலாய்க் கடிதத்தில் எழுதியிருந்த தேதியை அம்மா மாற்றிப் படித்துவிடுகிறார். வாரண்ட் வந்த பிறகு இதையெல்லாம் சொல்லிப் பயனில்லை. தேதியன்று காலை ஏழு மணிக்கு அந்த வீட்டு வாசலில் போய் ஹார்ன் அடித்து, பசியாறவைத்து, ஆயர் குரோவில் இறக்கிவிட ஒருவர் இருந்தால், பாதி வாரண்டுகள் பிறக்கவே பிறக்காது என்பது என் நம்பிக்கை. ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் நம்மில் எத்தனையோ பேரிடம் காரும் இருக்கிறது, காலை நேரமும் இருக்கிறது.

அண்மையில் எங்கள் வட்டாரக் கோயில் கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தோம். திருவிழாக் கணக்கு முடிந்து, எல்லாரும் எழுந்திருக்கும் நேரம். கோயில் நிதியிலிருந்து ஒரு சிறு தொகையைத் தனியாக வைப்பது, ஜாமீன் நிற்க முன்வருகிறவர்களின் பட்டியல் ஒன்று எழுதுவது, தேதியன்று கூட்டிப்போக ஆள் வைப்பது. சொன்னது இவ்வளவுதான். பொருளாளர் பெரியவர், நெடுங்காலமாக ஒரு வெள்ளிகூடத் தவறாமல் கணக்கு வைத்திருப்பவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "தம்பி, கத்திக் கேஸுக்கும் போவோமா? போதைப்பொருளுக்கும் போவோமா? அடி வாங்கினவன் இதே தாமான்ல இருந்தா, நாளைக்கு அவன் மூஞ்சில எப்படி முழிக்கறது?"

கேட்க வேண்டிய கேள்விதான். யாரும் அதற்குச் சட்டென்று பதில் சொல்லவில்லை. நீண்ட நேரம் பேசினோம். முதல் தடவை மாட்டியவர்கள், சிறிய குற்றச்சாட்டுகள் என்று தொடங்கலாம். பாதிக்கப்பட்டவர் வீட்டுக்கும் அதே வாரம் ஒருவர் போய்ப் பார்த்து, மருத்துவச் செலவுக்கு ஏதாவது வேண்டுமா என்று கேட்க வேண்டும். பையன் ஓடிப்போய்ப் பணம் போனால், போனதைப் போனதென்றே கணக்கில் எழுதி எல்லாருக்கும் காட்ட வேண்டும். இவ்வளவுக்கும் பெரியவர் தலையாட்டினார். கோயில் பணத்தை இதற்கு எடுக்கலாமா என்பதில் மட்டும் அவருக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. தனிச் சீட்டாகப் போட்டு வசூலிக்கலாம் என்றார்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு வழக்கறிஞரை அழைத்திருக்கிறோம். ஜாமீன் நிற்பவரின் கடமை என்ன, தவறினால் என்ன ஆகும் என்று அவர் வாயால் கேட்டபிறகு பெயர் கொடுப்பதாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள். பின்வரிசையில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நின்ற ஓர் அக்கா, பெண்களும் ஜாமீன் நிற்கலாமா என்று கேட்டார். நிற்கலாம். குடியுரிமையும் அடையாள அட்டையும் கேட்பார்கள். ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை. அப்படியானால் அவர் பெயரையும் அவருடைய மாமியார் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு, குழந்தை அழவே வெளியே போனார்.